குழந்தையின் கால்விரலில் தலைமுடி இறுகியிருந்தது, எடுத்த பிறகும் கோடு போகவில்லை: உள்ளே மிச்சம் இருக்குமா?

இரவுப்பூ:

வணக்கம். மகளுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்தாவது நடக்கிறது. நேற்று சாயங்காலம் தூங்கி எழுந்ததிலிருந்து ஒரே அழுகை. வழக்கமான அழுகை இல்லை, வீறிட்டுக் கத்துவாள், கொஞ்சம் ஓய்வாள், மறுபடி கத்துவாள். பால் கொடுத்தால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் திமிறினாள். டயப்பர் மாற்றினோம், தோளில் போட்டு நடந்தோம், வயிற்றைத் தடவிக் கொடுத்தோம், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் என் மாமியார்தான் "எல்லாத்தையும் கழட்டு, உடம்பை முழுசாப் பார்த்துடுவோம்" என்றார். சாக்ஸை இழுத்ததும் தெரிந்தது, வலது காலில் நடுவிரல் மட்டும் நுனி உருண்டு கருஞ்சிவப்பாக இருந்தது. அடியில் கயிறு கட்டியது மாதிரி ஒரு பள்ளம்.

டார்ச் அடித்துப் பார்த்தால் முடி. என் தலைமுடிதான், பிரசவத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நல்லவேளையாக ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் அதைப் பிடித்து மெதுவாகச் சுற்றைப் பிரித்து எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது, பால் குடித்தாள், தூங்கினாள்.

இப்போது காலையில் பார்த்தால் கோடு அப்படியே இருக்கிறது. நுனி பக்கத்து விரல்களைவிடத் தடிமனாகத் தெரிகிறது, நேற்று இருந்த கருஞ்சிவப்பு இல்லை, ஆனால் முழுசாகப் பழைய நிறமும் இல்லை. தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறாள். வெளியே முடி எதுவும் கண்ணில் படவில்லை. இது வடிந்துவிடும் என்று விட்டுவிடலாமா, இல்லை உள்ளே இன்னும் ஏதாவது மாட்டியிருக்குமா? முடி நீக்கும் கிரீம் தடவினால் மிச்சம் இருந்தாலும் கரைந்துவிடும் என்று தோழி ஒருத்தி சொன்னாள், அதைச் செய்யலாமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது எவ்வளவு பயப்பட வேண்டிய விஷயம் என்றே எனக்குப் புரியவில்லை.


மெல்லநட:

பயப்படாதீர்கள் தோழி, முடியை எடுத்துவிட்டீர்கள் அல்லவா, இனி வீக்கம் தானாக வடியும். எங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படி ஆகி இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கொஞ்சம் எண்ணெய் தடவி விடுங்கள்.


வார்டு அக்கா:

இரவுப்பூ, நான் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருக்கிறேன். எண்ணெய் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இன்றே, முடிந்தால் இப்போதே குழந்தையை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மற்றதைப் போகிற வழியில் படித்துக்கொள்ளுங்கள்.

மெல்லநட சொன்னது தவறு என்று சொல்ல வரவில்லை. முடி முழுவதும் வெளியே வந்திருந்தால் வீக்கம் வடியத்தான் செய்யும், கோடு சில நாள் தங்கினாலும் தங்கும். ஆனால் முழுவதும் வந்ததா என்பதுதான் இங்கே கேள்வி, அதை வீட்டில் வெறும் கண்ணால் உறுதி செய்ய முடியாது. ஒரே முடி பல சுற்றுச் சுற்றியிருக்கலாம், இரண்டு மூன்று முடிகள் சேர்ந்து சுற்றியிருக்கலாம். நீங்கள் பிரித்தது மேலே கிடந்த சுற்றாக இருந்து, அடியில் இன்னொன்று தோலுக்குள் புதைந்து கிடக்கலாம். வீங்கிய தோல் இரு பக்கமும் எழும்பி முடியை மூடிவிடும், சில குழந்தைகளுக்கு அதன் மேல் புதுத் தோல்கூட வளர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பள்ளம் தெரியும், முடி தெரியாது. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது மூன்று விஷயம்: ஒரு ராத்திரி கழிந்தும் நுனி தடிமனாக இருக்கிறது, நிறம் முழுசாகத் திரும்பவில்லை, தொட்டால் வலிக்கிறது. கட்டு அவிழ்ந்த விரலில் நிறம் சீக்கிரம் திரும்பும். வீக்கம் மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், இறுகிய முடி முதலில் அழுத்துவது நிணநீர்க் குழாய்களையும் சிரைகளையும். அவற்றில் அழுத்தம் குறைவு, சுலபமாக அடைபடும். தமனி அடைபட நேரமாகும், அதனால் ரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெளியே வர வழி இருக்காது. விரல் வீங்கும், வீங்க வீங்க முடி இன்னும் ஆழமாக இறங்கும், அது மேலும் வீக்கத்தைக் கூட்டும். இப்படியே போய் ஒரு கட்டத்தில் தமனியும் அடைபட்டால் நுனிக்கு ரத்தமே போகாது. கவனிக்காமல் விட்டால் சோப்புக் கட்டியை நூல் அறுப்பது போல முடி சதைக்குள் இறங்கி எலும்பு வரைக்கும் போயிருக்கிறது, விரல் நுனியை இழந்த குழந்தைகளும் உண்டு. உங்கள் மகளுக்கு அந்த நிலை இல்லை, நிறம் ஓரளவு திரும்பியிருப்பது நல்ல அறிகுறி. ஆனால் அடியில் ஒரு சுற்று மிச்சம் இருந்தால் இதே வரிசை மறுபடி மெதுவாகத் தொடங்கும்.

கிளம்பும் முன் ஒன்று மட்டும் பாருங்கள். விரல் நுனியை மெல்ல அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். தோல் நிறம் கருப்பாக இருந்தால் நகத்தை அழுத்திப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பக்கத்து விரலிலும் செய்து ஒப்பிடுங்கள். தாமதமாக நிறம் திரும்பினாலோ, நுனி நீலமாக, வெள்ளையாக, கருப்பாக, தொட்டால் சில்லென்று இருந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சாதாரணமாகத் திரும்பினாலும் போக வேண்டியதுதான், அதை வைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

நேற்று எடுத்த முடியைத் தூக்கிப் போடவில்லை என்றால் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள். முடியா, நூலா என்று அவர்களுக்குத் தெரிவது நல்லது. இரண்டு கால், இரண்டு கை, பிறப்புறுப்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே முடி பக்கத்து விரலையும் சேர்த்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.


இரவுப்பூ:

நன்றி அக்கா, கிளம்பிவிட்டோம். கணவர் வண்டி ஓட்டுகிறார், நான் பின்னால் உட்கார்ந்து படிக்கிறேன். அழுத்திப் பார்த்தேன், நிறம் திரும்புகிறது, ஆனால் பக்கத்து விரலைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான். அங்கே என்ன செய்வார்கள்? கத்தி வைப்பார்களா?


நடுநிசி அப்பா:

எங்கள் பையனுக்கு ஆறு மாதத்தில் இது நடந்தது, அவனுக்குக் கத்தி வைத்தார்கள். அதனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேட்டால் கொஞ்சம் தைரியம் வரும்.

நாங்கள் முதலில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். சிவந்து வீங்கியிருந்ததால் பூச்சிக் கடி என்றும், கிருமித் தொற்றாக இருக்கலாம் என்றும் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. மருந்துக்கு வீக்கம் குறையவே இல்லை. என் மனைவிக்கு மனது ஒப்பவில்லை, பெரிய மருத்துவமனைக்குப் போவோம் என்றாள். அங்கே பணியில் இருந்த மருத்துவர் விரலைப் பார்த்தார், சுற்றிலும் ஒரே உயரத்தில் ஓடுகிற பள்ளத்தைப் பார்த்தார், முடி கண்ணில் படாமலேயே "இது முடிதான்" என்றார். பூச்சிக் கடியோ தொற்றோ விரலைச் சுற்றி இப்படி வட்டமாகக் கோடு போடாது, கோட்டுக்கு நுனிப்பக்கம் வீக்கமும் அடிப்பக்கம் சாதாரணமும் என்று எல்லை கட்டி நிற்காது, அதை வைத்துத்தான் சொல்கிறேன் என்று விளக்கினார். இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் இரவுப்பூ, உங்களிடமும் யாராவது பூச்சிக் கடி என்று சொன்னால் "நேற்று இந்த விரலிலிருந்துதான் முடி எடுத்தோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் விரல் மரத்துப்போக அடியில் ஊசி போட்டார்கள். பையன் அழுதது அதற்கு மட்டும்தான். ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் அவன் முகமே மாறிவிட்டது, அதுவரை பிடித்து வைத்திருந்த வலி போனது நன்றாகத் தெரிந்தது. முதலில் மழுங்கிய முனை உள்ள ஒரு கருவியை முடிக்கு அடியில் நுழைத்துத் தூக்கி அறுக்கப் பார்த்தார்கள், முடி மிக ஆழத்தில் இருந்ததால் முடியவில்லை. பிறகு விரலின் மேல்பக்கம் சின்னதாக ஒரு கீறல். கீறியதும் உள்ளிருந்து கருப்பாக ஒன்று வெளியே வந்தது. முழுக்க எடுத்தாகிவிட்டதா என்று பெரிய லென்ஸ் மாட்டிக்கொண்டு வெகுநேரம் தேடினார்கள். தையல் போடவில்லை, மருந்து தடவிக் கட்டு போட்டு, மறுநாள் வந்து காட்டச் சொன்னார்கள்.

இப்போது அவன் ஓடி விளையாடுகிறான். விரலில் மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் தேடினால்தான் தெரியும். நகம், அசைவு எல்லாம் சரியாக இருக்கிறது.


அறுவைப் பயிற்சி:

நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருக்கிற மருத்துவன். மேலே அக்கா சொன்னதெல்லாம் சரி, கிரீம் பற்றி மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முடி நீக்கும் கிரீமை மருத்துவமனைகளில் இதற்குப் பயன்படுத்துவது உண்மைதான். அதில் உள்ள கால்சியம் தயோகிளைகோலேட் போன்ற வேதிப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்தில் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது, முடி மிருதுவாகி அறுந்துவிடும். சுமார் 10 நிமிடம் வைத்திருந்து கழுவிவிட்டு, விடுபட்டதா என்று பார்ப்பார்கள். ஆனால் இதற்கு எல்லை உண்டு. சுற்றியிருப்பது நூலாக இருந்தால் ஒரு பயனும் இல்லை, பருத்தி, நைலான், பாலியெஸ்டர் எதையும் அது கரைக்காது. தோல் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால் தடவக் கூடாது, புண்ணில் ரசாயனக் காயம் ஆகிவிடும். பிறப்புறுப்பிலும் வாயருகிலும் தடவவே கூடாது. முடி ஆழமாகப் புதைந்து மேலே தோல் மூடியிருந்தால் கிரீம் அங்கே போய்ச் சேராது. வீட்டில் தடவிவிட்டு "கரைந்திருக்கும்" என்று காத்திருப்பதில்தான் நேரம் போகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தோல் முழுசாக இருக்கிறது, வீக்கம் அதிகம் இல்லை, அது முடிதான் என்று உறுதி, பக்கத்தில் பார்த்துக்கொள்ள மருத்துவர் இருக்கிறார் என்றால் அது நல்ல முறை, குழந்தைக்கு ஊசியும் கத்தியும் மிச்சம். அந்த முடிவு அங்கே எடுக்க வேண்டியது.

நடுநிசி அப்பா சொன்ன கீறல் ஏன் மேல்பக்கம் என்று சிலர் யோசிக்கலாம். விரலுக்கு வரும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இரண்டு பக்கவாட்டிலும் ஓடுகின்றன, மேல்பக்கம் நடுவில் நீளவாக்கில் கீறினால் அவை தப்பிக்கும். அங்கே இருப்பது விரலை நீட்டுகிற தசைநாண். அதன் இழைகளும் நீளவாக்கில் ஓடுவதால் கத்தி பட்டாலும் இழைகளுக்கு நடுவே பிரியுமே தவிரக் குறுக்கே அறுபடாது, அந்தப் பிளவு ஆறிவிடும். புதைந்துபோன முடியைக் கண்டிப்பாக அறுக்க வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், எலும்பு தட்டும் வரை இப்படிக் கீறினால் எல்லாச் சுற்றும் அறுந்துவிடும். கேட்கப் பயமாக இருக்கும், செய்ய ஆகும் நேரம் குறைவு, நல்ல பலன் தருகிறது.

இது புதிதாக வந்த நோய் ஒன்றும் இல்லை. 1832-லேயே லான்செட் மருத்துவ இதழில், முடி சுற்றி ஆணுறுப்பு நெரிபட்ட ஒரு நேர்வு வெளியாகியிருக்கிறது. இப்போது இதை ஹேர் டூர்னிக்கெட் என்கிறோம், நூலால் வந்தாலும் அதே பெயருக்குள்தான் வரும். அவ்வளவு பழைய விஷயம், ஆனாலும் ஒவ்வொரு பெற்றோரும் தங்கள் குழந்தைக்கு வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு வரி சொல்லி அனுப்பினால் போதும்.


மெல்லநட:

இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. எண்ணெய் தடவச் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். ஆனால் எண்ணெய் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், அது ஏன் கூடாது அக்கா?


வார்டு அக்கா:

மோதிரம் மாட்டினால் வழுக்கி வரும், ஏனென்றால் அதற்கென்று ஒரு அகலம் இருக்கிறது, விரலோடு நகர்ந்து வரும். முடி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, தோலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும், வழுக்குவதற்கு இடமே இல்லை. எண்ணெய் போட்டால் பிறகு அதைச் சாமணத்தால் பிடிப்பதும் கஷ்டம். கோடும் மங்கிவிடும்.

முனை வெளியே தெரிந்தால் பிடித்து மெதுவாகப் பிரிக்கலாம், இரவுப்பூ வீட்டில் செய்தது போல. முனை தெரியவில்லை, அல்லது ஒரு முயற்சியில் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊசியால் நோண்டுவது, பிளேடு, நகவெட்டி வைத்து அறுக்கப் பார்ப்பது இதெல்லாம் வேண்டாம். திமிறுகிற குழந்தையின் விரலில் நரம்பை வெட்டிவிடுவது மிகச் சுலபம்.


தலைகோதி:

எனக்கு இதில் வேறொரு கேள்வி. முடி எப்படி சாக்ஸுக்குள் போய் விரலைச் சுற்றிக்கொள்கிறது? அதுவும் கட்டுகிற அளவுக்கு? கேட்கவே நம்பமுடியவில்லை. என் மனைவிக்கும் இப்போது முடி கொட்டுகிறது, அவளே தன் தலைமுடியைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்துவிட்டாள்.


அறுவைப் பயிற்சி:

முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், முடி கொட்டுவது அவர் செய்த எதனாலும் இல்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருக்கும், அதனால் உதிர வேண்டிய முடிகள்கூட வளரும் பருவத்திலேயே தங்கிவிடும், தலை அடர்த்தியாகத் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு அந்த ஹார்மோன் சட்டென்று குறைகிறது, தங்கியிருந்த முடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய், 2 முதல் 4 மாதம் கழித்துக் கொத்தாக உதிர்கின்றன. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் பழையபடி ஆகிவிடும். கால்விரலில் முடி சுற்றும் குழந்தைகளில் நிறையப் பேர் இதே நாலைந்து மாத வயதுக்காரர்கள். அம்மாவின் முடி மிக அதிகமாக உதிரும் காலமும் குழந்தை ஓயாமல் காலை உதைக்கத் தொடங்கும் காலமும் ஒன்றாக வருகின்றன.

எப்படிச் சுற்றுகிறது என்றால், சாக்ஸுக்குள்ளோ பாதம் மூடிய உடுப்புக்குள்ளோ கிடக்கும் முடி விரல் இடுக்கில் மாட்டும், குழந்தை உதைக்க உதைக்க, விரலை மடக்கி விரிக்க, அது தானாகச் சுற்றிக்கொள்ளும். யாரும் கட்ட வேண்டியதில்லை. நனைந்த முடி நன்றாக நீளும், காயும்போது சுருங்கும். குளித்த ஈரத்தோடும் வியர்வையோடும் சுற்றிய முடி காய்ந்ததும் இறுகுவது இதனால்தான். தனி முடி பார்க்க மெல்லியதாக இருந்தாலும் அதன் இழுவிசை அதிகம், குழந்தையின் உதைப்புக்கு அறுந்துவிடாது.

கைவிரலில் வருவது பெரும்பாலும் இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு, பிறந்த முதல் சில வாரங்களில், அதுவும் முடியைவிடக் கையுறையின் உள்பக்கத்தில் தொங்கும் நூலால்தான் அதிகம்.


நடுநிசி அப்பா:

இன்னொன்றும் சேர்க்கிறேன். மருத்துவமனையில் எங்களிடம் நிறையக் கேள்வி கேட்டார்கள், யார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள், எப்போது கவனித்தீர்கள் என்றெல்லாம். என் மனைவி அழுதுவிட்டாள், நம்மைச் சந்தேகப்படுகிறார்களா என்று. பிறகு அந்த மருத்துவரே, குழந்தைக்கு எந்தக் காயம் என்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை, இது அநேகமாக எப்போதும் தற்செயலாக நடப்பதுதான் என்று சமாதானம் சொன்னார். இரவுப்பூ, உங்களையும் கேட்டால் மனதை விட்டுவிடாதீர்கள்.


கைக்குட்டி:

அப்படியானால் கையுறையே போடக் கூடாதா? என் குழந்தைக்கு மூன்று வாரம். போடாவிட்டால் நகத்தால் முகத்தைக் கீறிக்கொள்கிறான், போட்டால் நூல் பயம். ராத்திரி முழுக்க மாட்டிவிடத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.


வார்டு அக்கா:

என்னைக் கேட்டால் நகத்தை வெட்டிவிட்டுக் கையைச் சும்மா விடுங்கள். முகத்தில் கீறல் ஆறிவிடும். கையுறை போட்டேதான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலை ஒட்ட வெட்டிவிட்டுப் போடுங்கள், பாலூட்டும் நேரமெல்லாம் கழற்றி விரலைப் பாருங்கள். கையுறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அதுதான் அதில் எனக்குப் பிடிக்காத விஷயம். சாக்ஸும் பாதம் மூடிய உடுப்பும் அப்படித்தான்.

துணி துவைக்கும்போது சாக்ஸையும் உடுப்பையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள், முடி அங்கேதான் தங்குகிறது. குழந்தையின் துணியைப் பெரியவர்கள் துணியோடும் துண்டோடும் சேர்த்துத் துவைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. உடுப்பு மாற்றும் முன் தலையை வாரி முடியைக் கட்டிக்கொள்ளலாம். இதெல்லாம் செய்தும் வரலாம், அதனால் தினமும் குளிப்பாட்டும்போது பத்து கால்விரலையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அது மேல். சீக்கிரம் கண்டுபிடித்த முடியால் பெரிய சேதம் வருவது அரிது.

காரணம் தெரியாமல் ஓயாமல் அழும் குழந்தைக்கு வயிற்றுவலி என்று முடிவு கட்டும் முன் உடுப்பு முழுவதையும் கழற்றிப் பார்க்க வேண்டும், இரவுப்பூவின் மாமியார் செய்தது போல. அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். விரலில் ஒன்றும் இல்லை, அழுகையும் நிற்கவில்லை என்றால், கருவிழியில் கீறல், காதுவலி, குடலிறக்கம், ஆண் குழந்தைக்கு விதை முறுக்கிக்கொள்வது, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது என்று வேறு காரணங்களும் உண்டு, அவற்றை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.


இரவுப்பூ:

திரும்பி வந்துவிட்டோம். அக்கா, நீங்கள் சொன்னது சரியாக இருந்தது, உள்ளே இன்னொரு முடி இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்ததும் பள்ளத்தின் அடியில், விரலின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன இடத்தில் மட்டும் கருப்பாகத் தெரிந்தது, மேல்பக்கம் தோல் மூடியிருந்தது. கீழ்ப்பக்கம் தோல் லேசாக வெட்டுப்பட்டிருந்ததால் கிரீம் வேண்டாம் என்றார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கொக்கி மாதிரி ஒன்றை அடியில் விட்டுத் தூக்கி, கத்தரியின் நுனியால் அறுத்தார்கள். கீறல் தேவைப்படவில்லை. எடுத்ததை எனக்கும் காட்டினார்கள், இரண்டு சுற்று.

எடுத்த கொஞ்ச நேரத்திலேயே நுனி நன்றாக இளஞ்சிவப்பாகிவிட்டது. நேற்று நாங்கள் எடுத்த பிறகு இப்படி ஆகவே இல்லை, அந்த வித்தியாசம் இப்போதுதான் தெரிகிறது. புண்ணுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், தடுப்பூசி அட்டையைப் பார்த்து டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நடுநிசி அப்பா, முதலில் பார்த்தவர் தொற்று மாதிரி இருக்கிறது என்றுதான் தொடங்கினார், நீங்கள் சொன்னபடி "இந்த விரலிலிருந்து நேற்று முடி எடுத்தோம்" என்று சொல்லி, காகிதத்தில் இருந்த முடியையும் காட்டினேன், உடனே லென்ஸ் கொண்டுவரச் சொன்னார். மிகவும் நன்றி. நாளைக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.


அறுவைப் பயிற்சி:

மிக நல்ல செய்தி. இன்று ராத்திரி பாலூட்டும் நேரங்களில் நுனியைப் பாருங்கள், நிறம் பக்கத்து விரல் மாதிரியே இருக்க வேண்டும். நாளைக் காலைக்குள் வீக்கம் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். குறையாமல் நின்றாலோ, குறைந்தது மறுபடி ஏறினாலோ இன்னும் ஒரு இழை இருக்கலாம், குறித்த நேரம் வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். சீழ், சிவப்பு மேலே பாதத்துக்குப் பரவுவது, காய்ச்சல் வந்தாலும் அப்படியே. கோடு மட்டும் பல நாள் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.


கைக்குட்டி:

அக்கா, பிறப்புறுப்பையும் பார்க்கச் சொன்னீர்கள், அது எப்படித் தெரியும்? பையன் என்பதால் கேட்கிறேன்.


வார்டு அக்கா:

கேட்டது நல்லது, இதை வெட்கத்தால் யாரும் கேட்பதில்லை. பையன்களுக்கு ஆணுறுப்பின் நுனி மொட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சுற்றும். நுனி வீங்கிச் சிவந்தோ நீலமாகவோ இருக்கும், கீழே தண்டு சாதாரணமாக இருக்கும், சிறுநீர் போகும்போது அழுவான் அல்லது சொட்டுச் சொட்டாகப் போகும். முன்தோல் நீக்கிய பையன்களுக்கு இது அதிகம். கைக்குழந்தைக்கு மட்டும் இல்லை, நடக்கிற வயதிலும் அதற்கு மேலும் வரும். சாதாரண வீக்கம், தொற்று என்று நினைத்து நாள் கடத்தினால் சிறுநீர்க் குழாயே அறுபட்டு ஓட்டை விழலாம். பெண் குழந்தைக்கும் பிறப்புறுப்பின் மடிப்புகளில் இப்படிச் சுற்றி வீங்கியிருக்கிறது, டயப்பர் மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் வீக்கம் தெரிந்தால் விடக் கூடாது. இரண்டிலும் வீட்டில் இழுத்துப் பார்க்க வேண்டாம், கிரீமும் வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போய் "முடி சுற்றியிருக்கலாம் என்று சந்தேகம்" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.